தொப்பி யாருடையது? பாடும் கௌபாய்கள் பற்றிச் சில குறிப்புகள்

லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு கௌபாய் என்றால் இடுப்பில் துப்பாக்கி. குதிரை மேல் உட்கார்ந்து கிதார் மீட்டிப் பாடுகிற கௌபாயைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் சிரிப்புதான் வரும். ஆனால் 1935-லிருந்து ஏறக்குறைய இருபது வருஷம், அமெரிக்கச் சிற்றூர்த் தியேட்டர்களில் கொடி கட்டிப் பறந்தது இந்தப் பாட்டுக்கார கௌபாய்தான். கன்ட்ரி இசைக்காரர்கள் இன்றைக்கும் மேடையில் அகலத் தொப்பியோடு வந்து நிற்பதற்கு அவனும் ஒரு முக்கியக் காரணம்.

இவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: இவங்க நிஜ கௌபாய்களா? இந்தக் கேள்வியால் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுவோம், சுலபமானதுதான். இல்லை. ஜீன் ஆட்ரி டெக்சாஸில் பிறந்தவர்தான், ஆனால் ஒக்லஹோமாவில் அவர் பார்த்தது ரயில்வே தந்தி வேலை. ராய் ராஜர்ஸின் நிஜப் பெயர் லெனார்ட் ஸ்லை, ஒஹாயோவின் சின்சினாட்டியில் பிறந்து செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாலைவனப் பாட்டுகளை எழுதிய பாப் நோலன் பிறந்தது கனடாவின் வின்னிபெக்கில். பாட்ஸி மொன்டானா, மொன்டானாக்காரர் இல்லை. ஆர்கன்சாவில் பிறந்த ரூபி பிளெவின்ஸ். இவர்களுக்கெல்லாம் ஜிகினா வைத்து உடை தைத்த பிரபல தையல்காரர் நூடி கோன், உக்ரைனின் கீவில் பிறந்த யூதர். ஆட்ரி 1939-ல் பாடிப் புகழ்பெற்ற மெக்சிகோ எல்லைப் பாட்டைக்கூட எழுதியது இங்கிலாந்தில் தொழில் செய்த இருவர்!

நிஜமாகவே மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர்களும் பாடியிருக்கிறார்கள். டெக்சாஸின் கார்ல் ஸ்ப்ரேக் 1925-ல் விக்டர் கம்பெனிக்காக கௌபாய் பாட்டுகளைப் பதிவு செய்தார். நன்றாக விற்றன. ஆனாலும் நாலு வருஷத்தில் அந்தப் பாட்டு வாழ்க்கை முடிந்தது. அவர் முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டது கல்லூரி விளையாட்டுத் துறை வேலையை. அசலாக இருப்பதற்கும் நிலைத்து நிற்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இந்த ஒரு ஆள் போதும்.

ரிச்சர்ட் பீட்டர்சன் என்ற சமூகவியலாளர் 1997-ல் எழுதிய புத்தகம் இந்த விஷயத்தில் முக்கியமானது. அசல் என்பது பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வருவதில்லை; பாடுபவர், கம்பெனி, ரசிகர் மூவரும் சேர்ந்து காலத்துக்கு ஏற்ப உருவாக்கிக்கொள்வது என்பது அவர் வாதம். வரலாற்றாசிரியர் பில் மலோன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார். அன்றைக்குத் தெற்கத்தி இசைக்கு வியாபாரிகள் ஒட்டிய பெயர் ‘ஹில்பில்லி’. நம்ம ஊர் வழக்கில் சொன்னால் ‘பட்டிக்காட்டான்’. அந்தப் பெயரோடு மேடை ஏறுவதைவிட, குதிரை வீரனின் தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறுவது கௌரவமாக இருந்தது. அலபாமாவில் பிறந்த ஹாங்க் வில்லியம்ஸ் தன் குழுவுக்கு ‘டிரிஃப்டிங் கௌபாய்ஸ்’ என்று பெயர் வைத்ததை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கணும்.

இரண்டு பேரும் சொல்வது சரிதான். ஆனால் இருவரும் சொல்வது தொப்பியின் அர்த்தத்தை. எனக்கு அதைவிட அந்தத் தொப்பிக்கு யார் சொந்தக்காரர் என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்தப் பாடகர்களின் தொழில் வாழ்க்கையை ஒப்பந்தக் காகிதங்கள் வழியாகப் படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது.

ஆட்ரியை எடுத்துக்கொள்வோம். 1929-லிருந்து சில வருஷம் அவர் ஜிம்மி ராஜர்ஸின் நகல். யோடலிங் என்கிற அந்தத் தொண்டை உடைப்பு உட்பட எல்லாமே அவரைப் பார்த்துச் செய்தது. பிறகு சிகாகோ வானொலி. அப்புறம் சியர்ஸ் கடையின் தபால் கேட்டலாகில் அவர் பெயர் போட்ட கிதார். கவனிங்க, ஹாலிவுட் அழைப்பதற்கு முன்பே அவர் பெயர் ஒரு விற்பனைப் பொருளாகிவிட்டது. 1935-ல் ரிப்பப்ளிக் ஸ்டூடியோ அவரை நாயகனாக்கியது. படங்கள் ஓடின. ஸ்டூடியோ ஒரு வேலை செய்தது: ஆட்ரி படம் வேண்டுமென்றால் எங்கள் மற்ற படங்களையும் சேர்த்து எடு என்று தியேட்டர்காரர்களைக் கட்டாயப்படுத்தியது. அதற்கான கூடுதல் பணம் ஆட்ரிக்கு வரவில்லை. 1938-ல் வெளிநடப்பு செய்தார்.

ஸ்டூடியோ என்ன செய்தது? கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்த லெனார்ட் ஸ்லையைப் பிடித்து, ராய் ராஜர்ஸ் என்று பெயர் வைத்து, ஆட்ரிக்கு வைத்திருந்த இடத்தில் நிறுத்தியது. படம் ஓடியது! ஒரு கௌபாய் போனால் இன்னொரு கௌபாய். அதே தொப்பி, தலைதான் வேறு. இந்த வரலாற்றில் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கும் இடம் இதுதான்.

இருவரும் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்கள், ஆளுக்கு ஒரு விதமாக. ஆட்ரி திரும்பி வந்து சம்பளத்தை உயர்த்திக்கொண்டார். 1942-ல் தன் வானொலி நிகழ்ச்சியிலேயே ராணுவ உறுதிமொழி எடுத்து, இந்தியா-பர்மா-சீனா போர்முனையில் சரக்கு விமானம் ஓட்டினார். போரில் கழிந்த வருஷங்களை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்வோம் என்று ஸ்டூடியோ சொன்னதும் நீதிமன்றம் போனார். 1947-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அவர் யாருடைய கௌபாயும் இல்லை. சொந்தப் படக் கம்பெனி, வானொலி நிலையங்கள், 1961-லிருந்து ஒரு பேஸ்பால் அணி. கேடிஎல்ஏ தொலைக்காட்சி நிலையத்தை அவர் நிறுவனம் 1960-களில் 1.2 கோடி டாலருக்கு வாங்கி, 1980-களில் 24.5 கோடிக்கு விற்றது.

ராஜர்ஸ் இன்னும் நுணுக்கமானவர். 1940-ல் புது ஒப்பந்தம் போடும்போது சம்பளத்தில் விட்டுக்கொடுத்து, தன் பெயர், குரல், முகம் இவற்றை வைத்துப் பொருள் விற்கும் உரிமையைக் கேட்டு வாங்கினார். ஸ்டூடியோ வைத்த பெயர்தான், 1942-ல் சட்டப்படியே அதைத் தன் பெயராக்கிக்கொண்டார். டிரிக்கர் என்ற குதிரையையும் சொந்தக் காசு கொடுத்து வாங்கினார். பிறகு வந்த மதிய உணவு டப்பா, பொம்மைத் துப்பாக்கி, கடிகாரம் எல்லாம் அந்தக் காகிதத்தின் பலன். ஆனாலும் பழைய படங்களை டிவிக்கு விற்பதைத் தடுக்க ஆட்ரியும் ராஜர்ஸும் தனித்தனியே தொடுத்த வழக்குகளில், 1954 மேல்முறையீட்டில் இருவருமே தோற்றார்கள். பெயர் அவர்களுடையது, படச்சுருள் ஸ்டூடியோவுடையது.

சரி, பாட்டு? வியாபாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இசை எங்கே என்று நீங்க கேட்கலாம். ஆட்ரி பெரிய பாடகர் இல்லை. ஆனால் மைக்கைப் புரிந்துகொண்டவர். நகலெடுப்பதை விட்டபிறகு அவர் குரல் தட்டையாக, அலட்டல் இல்லாமல், பக்கத்து நாற்காலியில் இருந்து பேசுகிற மாதிரி வரும். கிராமத்து வீட்டில் ஒற்றை வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் குரல் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

கலைஞன் என்று நான் சொல்வது பாப் நோலனைத்தான். ராஜர்ஸ், டிம் ஸ்பென்சர், நோலன் மூவரும் தொடங்கிய ‘சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்’ குழுவின் பதிவுகளைக் கேட்டால், மூன்று குரல் ஒரே மூச்சில் ஏறி இறங்கும். பின்னால் ஹியூ ஃபார் வயலினும் அவர் தம்பி கார்ல் ஃபார் கிதாரும் ஜாஸ் பக்கம் சாய்ந்து வாசிப்பார்கள். நோலனின் வரிகளில் வீரமே கிடையாது. காய்ந்த புதர் காற்றில் உருள்கிறது, தண்ணீர் தாகம் எடுக்கிறது, அவ்வளவுதான். பதின்ம வயதில் அரிசோனா பாலைவனத்தை முதன்முதலாகப் பார்த்த வெளியூர்ப் பையனின் திகைப்பு அது. அங்கேயே பிறந்தவனுக்கு அந்தத் திகைப்பு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதனால்தான் ‘நிஜ கௌபாயா’ என்ற கேள்வி இசைக்கும் உதவாது என்கிறேன்.

ஆட்ரியின் 1935 படத்துக்குத் தலைப்பே நோலன் எழுதிய பாட்டுதான். அந்தப் பாட்டு தெரிந்த பலருக்கு எழுதியவர் பெயர் தெரியாது. கூச்ச சுபாவம், கூட்டத்தை விட்டு ஒதுங்குகிற குணம். 1949-ல் குழுவையே விட்டு விலகிவிட்டார்.

தொப்பியைச் சொந்தமாக்கிக்கொள்ள வழியே கிடைக்காதவர்களும் இருந்தார்கள். பாட்ஸி மொன்டானாவின் 1935 பாட்டு, கன்ட்ரி இசையில் ஒரு பெண் பாடி பத்து லட்சம் விற்ற முதல் பாட்டு என்று சொல்லப்படுவது. கௌபாயின் காதலியாக ஆசைப்படுகிறேன் என்று தொடங்கினாலும், அதில் அவள் கேட்பது தானே குதிரை ஓட்டும் வாழ்க்கையை. அந்தத் துள்ளல் யோடலை இன்றைக்குக் கேட்டாலும் உற்சாகம் தொற்றிக்கொள்கிறது. ஆனால் அந்த வெற்றியை வைத்து எந்த ஸ்டூடியோவும் அவரை மையமாக்கிப் படத் தொடர் எடுக்கவில்லை. 1939-ல் ஆட்ரி படம் ஒன்றில் வந்து பாடிவிட்டுப் போனார். மற்றபடி வானொலி, ஊர் ஊராகக் கச்சேரி, கூடவே குழந்தைகள். கன்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1996-ல், அவர் இறந்த வருஷம்.

ஹெர்ப் ஜெஃப்ரீஸ் கதை இன்னும் கசப்பு. மாடு ஓட்டிய காலத்தில் கௌபாய்களில் நாலில் ஒருவர் கருப்பினத்தவர் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். திரையில் அவர்களைக் காணோம். 1937-ல் தொடங்கி ஜெஃப்ரீஸ் நாலு படத்தில் கருப்பினப் பாட்டுக்கார கௌபாயாக நடித்தார். சிறு முதலீட்டில், கருப்பினத்தவருக்கான தியேட்டர்களை நம்பி எடுத்த படங்கள். அதற்குள் சந்தை முடிந்துவிட்டது. அவர் ட்யூக் எலிங்டன் குழுவில் சேர்ந்து ஜாஸ் பாடகராகப் புகழ்பெற்றார். கௌபாய் பாட்டுகளோடு ஒரு முழு ஆல்பம் போட அவருக்கு வாய்ப்பு வந்தது 1995-ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு. ‘நிஜமா, வேஷமா’ என்ற கேள்வியைத் திரும்பத் திரும்ப ஆட்ரியிடமும் ராஜர்ஸிடமும் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், இந்த ஆள் அந்த விவாதத்துக்குள்ளேயே வரமாட்டார்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் படங்களில் தொடங்காதீங்க. அவை தொண்ணூறு சதவீதம் ஒரே படம்தான். சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ் 1934, 35-ல் வானொலி நிலையங்களுக்காகச் செய்த பதிவுகள் கிடைக்கின்றன, அதிலிருந்து தொடங்குங்கள். லெனார்ட் ஸ்லை அதில் ராய் ராஜர்ஸ் ஆகவில்லை, மூன்று குரலில் ஒரு குரல்தான். முதல் தடவை கேட்கும்போது அது எந்தக் குரல் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.