தவளையும் மழையும்

எலீன் ஸ்னெல் என்னும் ஒல்லாந்து நாட்டு அம்மையார் சிறுவருக்கும் அவர்தம் பெற்றோருக்குமென எழுதிய 'தவளைபோல் அசையாதிருத்தல்' என்னும் நூல் 2010இல் டச்சு மொழியிலும் 2013இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மைண்ட்புல்னஸ் என இன்று உலகெங்கும் வழங்கும் மனக்கவனப் பயிற்சியைக் குழந்தைகளுக்குப் போதிக்கும் நூல்களுள் இது பரவலாக வாசிக்கப்படுவது. இத்தகைய நூல்கள் ஆசிரியரின் கைகளிற் பெருகிவரும் இந்நாளில், பாராட்டுவதோடு அமையாது ஆராய்ந்து நோக்குதலும் எமது கடமையாகும்.

நூலின் நல்லம்சத்தை முதலிற் கூறிவிடுவோம். தவளை பாய வல்லது. ஆயினும், அசையாதிருந்து சுற்றிலும் நிகழ்வதைக் கவனிக்கவும் வல்லது. இவ்வுவமை குழந்தையின் அறிவுக்கு எளிதில் எட்டும். கோபம் மூண்டதும் கையை ஓங்கும் சிறுவன் ஒரு கணம் நின்று, 'எனக்குக் கோபம் வருகின்றது' எனத் தனக்குள்ளே சொல்லப் பழகுவானாயின் அது சிறிய பேறன்று. பிரம்பாலும் உறுக்கலாலும் அமைதியை உண்டாக்கிய வகுப்பறைகளை அறிந்த நாம், உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கும் எம்முயற்சியையும் எள்ளி நகையாடுதல் தகாது.

எமது தடை வேறிடத்தில் எழுகின்றது. தன் உள்ளத்தின் 'வானிலை' யாது என்று குழந்தை கவனித்துச் சொல்லும் பயிற்சியொன்று நூலில் உண்டு. வெயிலோ, மழையோ, புயலோ, உள்ளதை உள்ளவாறு காணவேண்டும், மாற்ற முயலவேண்டியதில்லை. அழகிய உவமைதான். ஆனால், மழையை யாரும் பெய்விப்பதில்லை. புயலுக்குப் பொறுப்பாளி எவருமில்லை. தந்தை வேலையிழந்த வீட்டிலிருந்து வரும் சிறுமியின் துயரம் அத்தகையதா? சக மாணவர் முன் இகழப்பட்டவனின் சினம் வானத்திலிருந்தா இறங்கிற்று? மனிதர் மனிதருக்குச் செய்வதை இயற்கையின் செயலாக இவ்வுவமை தோற்றுவிக்கின்றது. 'என்ன உணர்கின்றாய்?' என்னும் வினாவுக்கு இடமளித்து, 'ஏன்?' என்னும் வினாவை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றது.

உணர்ச்சியை ஆராய்வதில் எம் முன்னோர் இவ்விரு வினாக்களையும் பிரித்தாரல்லர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாட்டையும் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுதற்கு நந்நான்கு நிலைக்களன்களையும் வகுத்துக் கூறுகின்றது. அழுகைக்குக் களன்களாவன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன. வறுமையும் அவமதிப்பும் கண்ணீரின் இலக்கணத்திலேயே இடம்பெற்றுள்ளமை சிந்தித்தற்குரியது. செய்யுளுக்கு வகுத்த இலக்கணம் அது. ஆயினும், உணர்ச்சியைக் காரணத்தோடு சேர்த்துக் காணும் நெறியை அதனிடத்தில் நாம் கற்கலாம்.

மனக்கவனம் என்னும் கொள்கையின் வரலாறும் இத்தகைய ஒரு பிரிவினையையே காட்டுகின்றது. பாளி மொழியின் 'ஸதி' என்னும் சொல்லுக்கு 'மைண்ட்புல்னஸ்' என்னும் ஆங்கிலப் பெயர்ப்பை 1881இல் வழங்கியவர் றைஸ் டேவிட்ஸ். இலங்கையில் சிவில் சேவை அதிகாரியாயிருந்த காலத்திற் பாளி பயின்றவர். பௌத்தத்தின் எண்வகை மார்க்கத்தில் அது தனித்து நிற்பதன்று. நற்பேச்சு, நற்செயல், பிறருக்குத் தீங்கற்ற தொழில் என்பவற்றோடு இணைந்து நிற்பது. 1979இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபற்-சின் தொடக்கிவைத்த பயிற்சிநெறி, நோயாளரின் துன்பந் தணிக்கும் நன்னோக்குடையதே. எனினும், அப்பயிற்சி பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பரவியபோது கவனம் மட்டும் பயணம் செய்தது, தொழிலறம் பின்தங்கிவிட்டது.

பயன் யாது? பிரித்தானியாவில் 84 பாடசாலைகளில், 11 முதல் 13 வயது வரையான 8,376 மாணவரைக் கொண்டு நடத்தப்பெற்ற பேராய்வின் முடிவுகள் 2022இல் வெளியாயின. வழமையான சமூக, உணர்ச்சிக் கல்வியிலும் மனக்கவனப் பாடங்கள் மேலான பயனைத் தந்தமைக்குச் சான்று கிட்டவில்லை. மாணவருட் பெரும்பாலோர் வீட்டில் அப்பயிற்சியைச் செய்யவுமில்லை. அதே நாட்டில் 2022-23ஆம் ஆண்டில், வீட்டுச்செலவு போக மிஞ்சும் வருமானத்தைக் கொண்டு கணக்கிடும்போது, 43 இலட்சம் குழந்தைகள் வறுமையில் வாழ்ந்தனர் என்பது அரசாங்கத்தின் கணக்கு. ஆய்வின் முடிவுக்கு வறுமையே காரணம் என நாம் வாதிடவில்லை. அதனை ஆய்வு சொல்லவுமில்லை. பசியோடிருக்கும் குழந்தைக்கு மூச்சைக் கவனிக்கக் கற்பிக்கும் சமுதாயம், தன் கடமை முடிந்ததென எண்ணிவிடலாகாது என்பதே எமது கருத்து.

ஆசிரிய நண்பர்கள் இந்நூலைப் படிக்கட்டும். வகுப்பிற் பயன்படுத்தவும் செய்யட்டும். ஆனால், 'இன்று மழை' என்று குழந்தை சொன்னதும் கண்களை மூடச் சொல்வதோடு நின்றுவிடலாகாது. அருகில் அமர்ந்து, என்ன நடந்தது என்று கேட்கவேண்டும். அம்மறுமொழி எம்மை அதன் வீட்டுக்கோ, அதிபரின் அறைக்கோ, சங்கக் கூட்டத்துக்கோ இட்டுச்செல்லுமாயின், அங்கும் நாம் செல்லவேண்டும்.