சாறும் சக்கையும்: இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைப் பழவேற்காட்டிலிருந்து வாசித்தல்

1

ஆய்வுக் கட்டுரையும் ஒரு பிரதிதான். அதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு, பாத்திரங்கள் உண்டு, சொல்லாமல் விட்டவை உண்டு. கவிதையையும் நாவலையும் கட்டவிழ்த்துக்கொண்டிருக்கும் நாம், நம் உடம்பைப் பற்றி எழுதப்படுகிறவற்றை மட்டும் டாக்டர்களின் சொத்தாக விட்டுவைத்திருக்கிறோம். ஃபூக்கோவைச் சளைக்காமல் மேற்கோள் காட்டுகிறவர்கள்கூட, மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி அவர் 1963இல் எழுதியதை நம் ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டை வாசிக்கப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

இங்கே வாசிக்கப்போகும் இரண்டு கட்டுரைகளும் சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளின் உழைப்பில் வந்தவை. ஒன்று கீழாநெல்லி பற்றியது, 1988. மற்றது சிறுகுறிஞ்சான் பற்றியது, 1990. இரண்டு இலைகளையும் தெரியாத தமிழர் குறைவு. ஆனால் வாசிக்கிற இடத்தைப் பொறுத்து ஒரு பிரதி மாறும். நான் வாசிக்க எடுத்துக்கொள்ளும் இடம், சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய அறுபது கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காட்டு ஏரியின் மீனவக் குப்பங்கள். இங்கே உடம்பு என்பது உப்புத் தண்ணீரில் நிற்கிற உடம்பு. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிற பெண்களின் உடம்பு. இலையும் மாத்திரையும் சேர்ந்தே உள்ளே போகிற உடம்பு. ‘மரபா, விஞ்ஞானமா’ என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்களுக்கு இந்த உடம்பு கண்ணில் படுவதில்லை.

2

கீழாநெல்லியின் கதை ஃபிலடெல்ஃபியாவில் தொடங்குவதாக எழுதப்பட்டிருக்கிறது. பாரூக் ப்ளம்பெர்க், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிய வழிவகுத்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர். அக்கிருமியின் மேலுறைப் புரதம் முதலில் ஓர் ஆஸ்திரேலிய ஆதிக்குடி மனிதரின் ரத்தத்தில் அடையாளம் காணப்பட்டதால், அதற்கு ‘ஆஸ்திரேலிய ஆன்டிஜென்’ என்று பெயர் வைத்தார்கள். கண்டுபிடித்தவருக்குப் பரிசு போயிற்று. ரத்தம் கொடுத்தவர் ஒரு கண்டத்தின் பெயராகக் கரைந்துபோனார்.

1987இல் வெங்கடேஸ்வரன், மில்மன், ப்ளம்பெர்க் மூவரும் கீழாநெல்லி இனச் செடியின் சாறு சோதனைக் குழாயிலும், வுட்சக் என்ற அணில் குடும்பத்துப் பிராணியின் உடலிலும் கிருமியை மட்டுப்படுத்துவதாக எழுதினார்கள். அதே ஆண்டில் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தின் பெயரில் அமெரிக்கக் காப்புரிமையும் பதிவாயிற்று. மறு ஆண்டு, சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ப்ளம்பெர்க்கும் வெங்கடேஸ்வரனும் சேர எழுதிய கட்டுரை லான்செட் இதழில் வந்தது. கிருமியைச் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு முப்பது நாள் செடித் தூள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதத்தினருக்கு, ரத்தத்தில் ஆன்டிஜென் காணாமல் போயிற்று. வெற்று மருந்து வாங்கிய 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆயிற்று.

இந்த எண்ணின் கனத்தை இன்றைக்கு நின்று பார்க்க வேண்டும். இப்போது தரப்படும் டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் கிருமியை நன்றாக அடக்கிவைக்கின்றன. ஆனால் ஆன்டிஜென் முழுதாக மறைவது அவற்றாலும் அபூர்வம். முப்பது நாளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது நடந்தது என்றால், அது உலகத்தையே புரட்டியிருக்க வேண்டிய செய்தி. புரட்டவில்லை. 1990இல் தாய்லாந்திலிருந்து வந்த ஆய்வு, அதே செடி அப்படி எதையும் செய்யவில்லை என்றது. 1994இல் நியூசிலாந்திலிருந்தும் அதே பதில். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வு 2011இல், வெற்று மருந்தைவிட இச்செடி பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடித்தது.

சென்னையில் நடந்தது பொய் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது சோம்பேறி வாசிப்பு. அந்தக் கட்டுரையே தன்னை ‘ஆரம்பகட்ட’ ஆய்வு என்றுதான் சொல்லிக்கொள்கிறது. 1987 கட்டுரையில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி; 1988இல் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ‘கீழாநெல்லி’ என்ற தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று முகச்சாயல் கொண்ட பல செடிகள் இருக்கின்றன. மழை முடிந்து முளைத்ததும் வெயிலில் வதங்கியதும் ஒன்றல்ல. ஆகவே சாறு என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு செயல். எதிலிருந்து, எப்போது, எதை விட்டுவிட்டுப் பிழிந்தோம் என்பதெல்லாம் அதில் அடக்கம். விட்டுவிட்டதற்குத் தமிழில் சக்கை என்று பெயர். நம் கவனம் சக்கையில் இருக்கட்டும்.

3

முதல் சக்கை, நோயின் பெயர். குப்பத்தில் காமாலை என்றால் கண்ணும் மூத்திரமும் மஞ்சளாவது. அந்த ஒரு சொல்லுக்குள் தண்ணீர் வழி பரவும் ஏ, இ வகைகள், பித்தப்பைக் கல்லடைப்பு, எலிக்காய்ச்சல், சாராயத்தால் கெட்ட ஈரல் எல்லாம் அடங்கும். இவற்றில் ஏ வகை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் குடித்ததற்கே பெயர். “கீழாநெல்லி அரைச்சி மோர்ல குடிச்சான், பத்தே நாள்ல எழுந்துட்டான்” என்ற பேச்சில் பொய் எதுவும் இல்லை. அவன் எழுந்தது உண்மைதான்.

லான்செட் கட்டுரையின் நோயாளி இவன் அல்ல. பி வகைக் கிருமியை ஆண்டுக்கணக்கில் சுமப்பவருக்குப் பெரும்பாலும் மஞ்சளே தெரியாது. வலையிழுப்பார், கல்யாணம் செய்வார், ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் தெரியவரும். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல ஆண்டு கழித்து ஈரல் சுருங்கும், அல்லது புற்றுநோய் வரும். ஆகவே ஒரே இலை, இரண்டு நோயாளிகள். ஊர் அறிந்த இலையை, ஊர் அறியாத நோயில் சோதித்துப் பார்த்து, கிடைத்த மதிப்பெண்ணை ஊர் அறிந்த காமாலையின் கணக்கில் வரவு வைத்திருக்கிறோம். யாரும் திட்டமிட்டுச் செய்த மோசடி அல்ல இது. ‘காமாலை’ என்ற சொல் இரண்டு சொல்லாடல்களுக்கு இடையே பாலமாக நின்று, யாருக்கும் தெரியாமல் செய்த வேலை.

இரண்டாவது சக்கை, பத்தியம். ஊர் வைத்தியத்தில் இலை தனியாக வருவதில்லை. உப்பில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, வெயிலில் போகக்கூடாது. வீட்டில் ஒருவர் படுத்திருக்க மற்றவர்கள் அவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிற ஏற்பாடு அது. பிழிந்தெடுத்த சாறு மாத்திரையாகும்போது இந்த ஏற்பாடு உதிர்ந்துபோகிறது. அது நோயைத் தீர்த்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் மீனையும் உப்பையும் நம்பிப் பிழைக்கிற ஊரில் மீனும் உப்பும் விலக்கி ஒருவரைப் படுக்கவைக்க என்ன செலவாகும் என்று கணக்கிட்டால், ‘நாட்டு வைத்தியம் செலவில்லாதது’ என்ற பேச்சு எவ்வளவு பொய் என்று தெரியும்.

மூன்றாவது சக்கைதான் எல்லாவற்றிலும் பெரியது: தோல்வி. வெற்றிச் செய்தி ஊருக்குத் திரும்பி வந்தது. ‘விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்ற வாசகமாகப் பொட்டலத்தில் வந்தது, பத்திரிகைத் துணுக்காக வந்தது, மேடைப் பேச்சாக வந்தது. 1990ம் 1994ம் 2011ம் வரவில்லை. அவை ஆங்கில ஏடுகளில் தங்கிவிட்டன. அறிவு மேலிருந்து கீழே பாய்கிறது என்று சொல்வார்கள். பாய்ச்சலில் ஒரு வடிகட்டி இருக்கிறது. விற்கத் தக்கது கீழே வருகிறது; எச்சரிக்க வேண்டியது மேலேயே நின்றுவிடுகிறது.

இதன் விலையைக் கொடுப்பவர் யார்? ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2011இல்தான் நாடு முழுவதும் அரசின் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வளர்ந்தவர்கள். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஆனால் ‘அதுக்குத்தான் கீழாநெல்லி இருக்கே’ என்ற ஒரு வரி, அந்த இலவசத்துக்கும் ஒரு மனிதருக்கும் நடுவே நிற்க முடியும்.

4

சர்க்கரைக்கு வருவோம். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போலிருக்கும். இனிப்பை நாக்கில் கொல்கிற இலை ரத்தத்திலும் கொல்லும் என்பது அழகான உருவகம். உருவகம் மருந்தாகாது என்பதால் சோதித்துப் பார்த்தார்கள். சண்முகசுந்தரம் குழுவினரின் 1990ஆம் ஆண்டுக் கட்டுரையில் 22 நோயாளிகள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அத்தோடு சேர்த்து நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச் சாறு, 18 முதல் 20 மாதங்கள். சர்க்கரை குறைந்தது, மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது, ஐந்து பேர் மாத்திரையை விட்டே விட்டார்கள்.

இக்கட்டுரையிடம் எனக்கு மரியாதை உண்டு. இலையையும் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடும் ஒரு மனிதரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல், அது பின்தொடர்ந்திருக்கிறது. பழவேற்காட்டில் நடப்பதும் அதுதானே. “மாத்திரையும் போடுறோம், இலையும் மெல்லுறோம்.” ஆனால் வெளியே பரவியது எது? அந்த ஐந்து பேர். மற்றப் பதினேழு பேர் மாத்திரையை விடவில்லை என்பது அதே கட்டுரையில்தான் இருக்கிறது. 22 பேர் என்பது ஒரு கேள்வியைத் தொடங்கப் போதும், முடிக்கப் போதாது என்பதும் எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல.

மாத்திரையின் கதையையும் சேர்த்து வாசிக்க வேண்டும். இன்று சர்க்கரைக்கு முதலில் எழுதித்தரப்படும் மெட்ஃபார்மின், கலேகா என்ற ஐரோப்பியப் பூச்செடியின் வம்சத்தில் வந்தது. செடியிலிருந்த பொருள் நஞ்சாக இருந்தது. அதைப்போன்ற வேறொன்றை 1922இல் செயற்கையாகச் செய்தார்கள். 1957இல் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளிடம் பயன்படுத்தி எழுதினார். அது உடல் பருத்த நோயாளிகளின் ஆயுளைக் காக்கிறது என்று பிரிட்டனின் நீண்ட ஆய்வொன்று 1998இல்தான் காட்டியது. ஆக, இலை இயற்கை, மாத்திரை ரசாயனம் என்ற எதிர்நிலை நிற்காது. இரண்டும் செடியிலிருந்து புறப்பட்டவை. ஒன்றின் பின்னால் பல்லாண்டுகள் ஆட்களை அனுப்பினார்கள். மற்றதை வாசலிலேயே நிறுத்திப் பொட்டலம் கட்டிவிட்டார்கள்.

சர்க்கரை ஒரே நோயல்ல. கால், கண், சிறுநீரகம், இதயம் என்று பரவுகிற பலநோய்க் குடும்பம். உணர்ச்சி மரத்த பாதத்தைத் தண்ணீருக்கடியில் சிப்பி கிழித்தால் தெரியாது. இரண்டு நாள் கழித்து நாற்றம்தான் சொல்லும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு குறைந்தது என்ற கேள்விக்கு 1990 கட்டுரையில் பதில் இருக்கிறது. இறால் பிடிக்கிற பெண்ணின் கால் தப்புமா என்ற கேள்வியை அது கேட்கவில்லை. மாத்திரையோடு இலையும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தி, படகில் ஒருவருக்குத் தலை சுற்றினால் என்ன என்பதும் கேட்கப்படவில்லை.

5

இந்த இடத்தில் நம் முற்போக்கு நண்பர்கள் காப்புரிமைத் திருட்டைப் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்காவில் தரப்பட்ட காப்புரிமையை இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் போராடி 1997இல் ரத்து செய்யவைத்தது. அந்த வெற்றி நியாயமானது.

பழவேற்காட்டுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனி, 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலத்துச் சாயத்துணிகளை இங்கிருந்து கப்பலேற்றியது. அந்தச் சிவப்பு சாயவேரிலிருந்து பிழிந்தது. அதே கம்பெனியின் அதிகாரி வான் ரீட் மலையாளக் கரையின் செடிகளைப் பற்றித் தொகுத்த நூல், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. அதில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் வாக்குமூலம் அவருடைய பெயரோடும் எழுத்தோடும் இருக்கிறது. 1987இன் காப்புரிமையில் மூன்று விஞ்ஞானிகளின் பெயர்கள்தான். முந்நூறு ஆண்டில் வைத்தியர் பெயரை இழந்திருக்கிறார். 2023இல் திருத்தப்பட்ட உயிரியல் பன்மைச் சட்டம், ஏட்டில் ஏறிய மரபறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஆதாயப் பகிர்விலிருந்து விலக்கு தந்து, அந்த இழப்பை நம் கையாலேயே சட்டமாக்கியிருக்கிறது.

ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். திருடு போயிற்று என்று கத்தினோம். திருடிப் போனவரிடம் அது வேலை செய்ததா என்று விசாரித்தோமா? உடைமை பற்றிய பேச்சு, பயன் பற்றிய பேச்சை விழுங்கிவிட்டது. ‘நம் முன்னோர் அறிந்தது’ என்கிறவரும் ‘நம்மிடம் திருடியது’ என்கிறவரும் ஒரே முன்முடிவில் நிற்கிறார்கள்: இலை வேலை செய்கிறது. அந்த முன்முடிவைச் சோதிக்கும் உரிமையும் மீனவருக்கு உண்டு. மரபுக்குக் காட்டும் உண்மையான மரியாதை அதைக் கேள்வி கேட்பதுதான்.

6

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் ஏரியின் வலையிடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கத்துக்குப் பாடு என்று பெயர். தமிழில் பாடு என்றால் துன்பமும்தான். படுவது எதுவோ அது பாடு. இன்றைக்கு யார், நாளைக்கு யார், எந்த இடத்தில் யார் என்று பொதுவில் கணக்கு வைத்து, எல்லோருக்கும் தெரியும்படி நடத்துகிற முறை அது. தீராத நோயைச் சமாளிப்பதற்கும் இப்படிப்பட்ட கணக்குதான் தேவை. மருந்தைக் கண்டுபிடிப்பதோடு விஷயம் முடிவதில்லை. யார் எதைச் சாப்பிட்டார், என்ன ஆயிற்று என்று ஆண்டுக்கணக்கில் பார்த்து, அந்தப் பதிலை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவருகிறது. அந்தப் பதிவேட்டில் இலைக்கு ஒரு கட்டம் வேண்டும். ‘நாட்டு மருந்து எதுனா சாப்புடுறியாம்மா?’ என்று அதட்டாமல் கேட்டு எழுதுகிற ஒரு கட்டம். கேட்டால் திட்டு விழும் என்கிற பயத்தில் மறைக்கப்படுவதால்தான் இலை எந்த ஆய்விலும் பிடிபடாமல் போகிறது. அடுத்தது, தாய்லாந்தும் நியூசிலாந்தும் சொன்னதைத் தமிழில், ஒரு பக்கத்தில், மருந்துக் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். சாற்றை எடுத்துக்கொண்டு போனவர்களிடம் ஆதாயத்தில் பங்கு கேட்கிறோம். சக்கையையும் சேர்த்துக் கேட்போம். தோற்ற ஆய்வின் முடிவும் ஊருக்குச் சேர வேண்டிய பங்குதான்.