ஜோடி இல்லாத ஆட்டம்

1980-ல் வந்திருக்க வேண்டிய ஓர் ஆல்பம் 1996 அக்டோபரில்தான் கடைக்கு வந்தது. பாடியவர் காரென் கார்பென்டர். ஆல்பத்தின் பெயரும் அதுவே. பாட்டுகளைப் பதிவு செய்து, மிக்ஸிங் முடித்து, அட்டைக்குப் புகைப்படமும் எடுத்த பிறகு, ‘ஏ அண்ட் எம்’ நிறுவனம் அதைக் கிடப்பில் போட்டுவிட்டது. வெளிவந்தபோது காரென் இறந்து 13 ஆண்டுகள் ஓடியிருந்தன.

சாஃப்ட் பாப் கேட்பவர்களுக்குக் கார்பென்டர்ஸ் அண்ணன் தங்கையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பில்போர்டு பத்திரிகை 1961-ல் ‘ஈஸி லிஸனிங்’ என்று ஒரு பட்டியலைத் தொடங்கி, 1979-ல் அதற்கு ‘அடல்ட் கன்டெம்பரரி’ என்று பெயர் மாற்றியது. அதில் கார்பென்டர்ஸ் 15 முறை முதலிடம் பிடித்தார்கள். ஆனால் அது தனிப்பாட்டுகளுக்கான பட்டியல். வானொலிக்குத் தோதான மூன்று நிமிடப் பாட்டு ஒன்றைத் தராத ஆல்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கணக்கில் வராது. இந்த வகை இசையில் கவனிக்கப்படாத ஆல்பங்கள் குவிந்து கிடப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அந்தக் குவியலில் இருந்து மூன்றை எடுத்துவைக்கிறேன். மூன்றுமே ஜோடியாகவோ குழுவாகவோ பேர் வாங்கியவர்கள் தனியாக வந்து பாடியவை. கிரிக்கெட்டில் நூறு ரன் பார்ட்னர்ஷிப்பைப் பார்த்து ஒரு பேட்ஸ்மேனை எடைபோட முடியாது. எதிர்முனையில் இருந்தவர் அவுட் ஆன பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். குரலுக்கும் அந்தச் சோதனை உண்டு.

முதலில் காரென். 1979 தொடக்கத்தில் அண்ணன் ரிச்சர்ட், தூக்க மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போனார். அந்த இடைவெளியில் காரென் நியூயார்க்கில் ஃபில் ரமோனிடம் போனார். பில்லி ஜோயலின் ‘52-வது ஸ்ட்ரீட்’ ஆல்பத்தைத் தயாரித்த அதே ரமோன். ஜோயலின் வாத்தியக்காரர்களையே அவர் இங்கேயும் உட்கார வைத்தார். பாட்டு எழுத ராட் டெம்பர்டன் வந்தார். மைக்கேல் ஜாக்சனின் ‘ஆஃப் தி வால்’ தலைப்புப் பாட்டை எழுதியவர். செலவில் சுமார் 4 லட்சம் டாலர் காரெனின் சொந்தப் பணம்.

காரெனின் பலம் கீழ்ஸ்தாயி. அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும். பல்லவிக்கு முன்னால் அவரை மைக்குக்கு மிக அருகில், தாழ்ந்த சுருதியில் நிறுத்திவிட்டு, பல்லவி வந்ததும் அதே குரலைப் பல அடுக்காகப் பதிந்து விரித்துவிடுவார். நியூயார்க்கில் அந்த ஏற்பாடு கலைந்தது. டெம்பர்டனின் மெட்டுகள் அவரை மேலே இழுக்கின்றன. குரல் மெலிகிறது, காற்று கலக்கிறது. நிறுவனத்துக்கு இது பிடிக்கவில்லை என்றால் ஆச்சரியமில்லை. ‘மை பாடி கீப்ஸ் சேஞ்சிங் மை மைண்ட்’ என்ற டிஸ்கோ பாட்டில் தாளம் இம்மியும் பிசகவில்லை (அவர் அடிப்படையில் டிரம்ஸ் வாசிப்பவர்). மனசுதான் ஒட்டவில்லை.

ஆனால் ‘இஃப் ஐ ஹேட் யூ’ வேறு கதை. கடைசிப் பகுதியில் காரெனின் குரல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒரு குரல் சொல்லை முடிக்கும் முன்பே அடுத்தது உள்ளே நுழைகிறது. எங்கும் மோதல் இல்லை. சொற்கள் விழும் இடத்தைக் கவனியுங்கள். மெட்டைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவர் அப்படி வைக்க மாட்டார், தாளத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் வைப்பார். கார்பென்டர்ஸ் பாட்டுகளில் டிரம்ஸ்காரர் காரெனும் பாடகி காரெனும் தனித்தனி ஆட்களாகவே தெரிந்தார்கள். இங்கே இருவரும் ஒருவர்.

ஆல்பத்தின் உச்சம் என்று நான் சொல்வது ‘மேக் பிலீவ் இட்ஸ் யுவர் ஃபர்ஸ்ட் டைம்’. இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பதிவும் இருக்கிறது என்பது அலசுகிறவனுக்குப் பெரிய வசதி. 1983-ல், காரெனின் மறைவுக்குப் பிறகு வந்த ‘வாய்ஸ் ஆஃப் தி ஹார்ட்’ என்ற கார்பென்டர்ஸ் ஆல்பத்தில் இதே பாட்டு பெரிய கோரஸ், ஆர்க்கெஸ்ட்ரா சகிதம் வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் காரென் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று தேட வேண்டியிருக்கிறது. நியூயார்க் பதிவில் வாத்தியங்கள் ஒதுங்கி நிற்கின்றன. அடிக்குரலில் தொடங்கி, வரி முடிவில் கார்வையை நீட்டாமல் சட்டென்று விட்டுவிடுகிறார். அடுத்த வரிக்கு முன் வரும் அந்தச் சின்ன வெற்றிடத்தை நிரப்ப யாரும் அவசரப்படவில்லை. இரண்டில் எது மேல் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். பால் சைமனின் ‘ஸ்டில் கிரேஸி ஆஃப்டர் ஆல் தீஸ் இயர்ஸ்’ பாட்டையும் இதில் பாடியிருக்கிறார். அதிலிருந்த கொச்சையான ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டார். அதே ஆல்பத்தில் பாடகர் பீட்டர் செடேராவோடு சேர்ந்து ‘மேக்கிங் லவ் இன் தி ஆஃப்டர்நூன்’ என்று பாடவும் செய்கிறார். நல்ல பெண் என்ற பெயரைக் கழற்றி வைப்பதா வேண்டாமா என்று அவராலேயே முடிவுசெய்ய முடியவில்லை போலும்.

இந்த ஆல்பத்தை ஒதுக்கிவிட்டு, நிறுவனம் 1981-ல் ‘மேட் இன் அமெரிக்கா’ என்ற பழைய பாணிக் கார்பென்டர்ஸ் ஆல்பத்தை வெளியிட்டது. மேலே சொன்ன 15 முதலிடங்களில் கடைசியானது அதிலிருந்து வந்த பாட்டுதான். வியாபாரக் கணக்கு தப்பவில்லை. 1983 பிப்ரவரியில், அனோரெக்ஸியா நோயின் விளைவாக, 32 வயதில் காரென் இறந்தார். இன்று பலரும் இந்த ஆல்பத்தை அந்தச் சோகத்தின் துணைக்கதையாகவே கேட்கிறார்கள். அது அநியாயம். 12 பாட்டில் நாலைந்து முதல் தரம், மூன்று தேறாது, மற்றவை சுமார். ஒரு பாடகி புதிய இடத்தில் தன்னைச் சோதித்துப் பார்த்த ஆல்பத்துக்கு அது நல்ல மதிப்பெண்.

சைமன் பெயர் வந்ததால் அவருடைய பழைய கூட்டாளிக்கு வருவோம். ஆர்ட் கார்ஃபங்கல் பாடகர்; அந்த ஜோடியின் பாட்டுகளைப் பெரும்பாலும் எழுதியவர் சைமன்தான். சைமன் பிரிந்ததும் இவர் என்ன செய்வார் என்பது எல்லோருக்கும் இருந்த சந்தேகம். 1977-ன் ‘வாட்டர்மார்க்’ அதற்கு நேர் பதில். கிட்டத்தட்ட மொத்தப் பாட்டுகளையும் ஜிம்மி வெப் என்ற ஒரே ஆளிடமிருந்து எடுத்துக்கொண்டார். முதலில் வந்த பாட்டு எடுபடவில்லை. உடனே ஆல்பத்தைத் திரும்பப் பெற்று, ஒரு பாட்டை நீக்கி, சாம் குக்கின் பழைய ‘வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பாட்டை ஜேம்ஸ் டெய்லர், பால் சைமன் இருவரோடும் சேர்ந்து பாடிச் செருகி, 1978 ஜனவரியில் மறுபடி வெளியிட்டார்கள். அந்தப் பாட்டு, அப்போது ‘ஈஸி லிஸனிங்’ என்றே இருந்த அந்தப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் போனது. ஆல்பத்திலேயே பலவீனமான பாட்டும் அதுதான்! மூன்று நட்சத்திரங்கள் ஜாலியாகப் பாடுகிறார்கள், அவ்வளவே.

கேட்க வேண்டியவை வெப்பின் பாட்டுகள். வெப்பின் மெட்டுகள் எதிர்பாராத இடத்தில் தாவும். கார்ஃபங்கல் அந்தத் தாவலைத் தாவலாகக் காட்டுவதே இல்லை. மேல் ஸ்வரத்தைத் தொடும்போது குரலை ஏற்றாமல் இறக்குகிறார். ‘மிஸ்டர் ஷக் அன் ஜைவ்’ பாட்டில் சாக்ஸபோன் வாசிப்பவர் ‘டேக் ஃபைவ்’ புகழ் பால் டெஸ்மண்ட். 1977 மே மாதம் அவர் இறந்துவிட்டார்; அவருடைய கடைசிப் பதிவுகளில் இதுவும் ஒன்று. அந்தச் சாக்ஸபோனும் கார்ஃபங்கலின் குரலும் ஒரே சுபாவம். இரண்டுமே அழுத்திச் சொல்லாது.

மூன்றாவது, ‘ஆபா’ குழுவின் அக்னெதா ஃபால்ட்ஸ்கோக் 1987-ல் பாடிய ‘ஐ ஸ்டாண்ட் அலோன்’. தயாரித்தவர்களில் ஒருவர் மேலே பார்த்த அதே பீட்டர் செடேரா. 80-களின் சின்தசைசரும் டிரம் சத்தமும் இன்று காதைக் குத்தும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆபாவின் பல்லவிகளில் குழுவின் இன்னொரு பாடகி ஃப்ரீடாவின் குரலோடு பிரிக்க முடியாமல் கலந்திருந்த குரல், இங்கே தனியாக, உச்சத்தில் லேசாக விம்முவது தெளிவாகக் கேட்கிறது. இதற்குப் பிறகு 2004 வரை அவர் அடுத்த ஆல்பம் தரவில்லை.

மூன்றையும் கேட்க நேரமில்லை என்றால் ‘வாட்டர்மார்க்’ போதும். முழு ஆல்பமாக அதுதான் தரம். ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் என்றால் ‘மேக் பிலீவ் இட்ஸ் யுவர் ஃபர்ஸ்ட் டைம்’. தேடும்போது காரெனின் தனி ஆல்பத்தில் உள்ள பதிவுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோரஸ் கேட்டால் அது 1983 பதிவு; நிறுத்திவிட்டு மறுபடி தேடுங்கள்.