கேமரா இல்லாத பக்கம்

'ஹன்ட் ஃபார் த ஸ்கின்வாக்கர்' (2005) புத்தகத்தை ராத்திரியில் வாசித்தால், சும்மா சொல்லக் கூடாது, பயம் வருது. பகலில் வாசித்தால் ஒரு கேள்வி வருது: எல்லாம் ஏன் கேமராவில் சிக்காமலே நடக்கிறது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு மாட்டுப் பண்ணை. வானத்தில் விசித்திர வெளிச்சம், மாடுகள் அறுபட்டுக் கிடக்கின்றன என்றது அங்கே வாழ்ந்த குடும்பம். 1996இல் கோடீஸ்வரர் ராபர்ட் பிகலோ பண்ணையை வாங்கி விஞ்ஞானிகளை இறக்கினார். அந்தக் குழுவின் கோம் கெல்லஹரும் பத்திரிகையாளர் ஜார்ஜ் நாப்பும் சேர்ந்து எழுதிய புத்தகம் இது.

ஒரு இடம். கம்பத்திலிருந்த கேமராக்களின் வயர்கள் பிய்ந்து கிடக்கின்றன. அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு கேமராவில் ஒன்றுமே பதிவாகவில்லை. புத்தகம் இதையும் மர்மத்தின் கணக்கில்தான் எழுதுகிறது. சான்று கிடைத்தால் அது இருக்கு. கிடைக்கலைன்னா அது ஒளிஞ்சுக்குது. தோற்கவே வழியில்லாத இந்த ஆட்டத்தை ஆய்வு என்று எப்படிச் சொல்வது?

அறிவியல் இதழில் வெளியிடத் தக்க சான்று கிடைப்பது கஷ்டமாக இருந்ததென்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அந்த நேர்மை பிடித்தது. ஆனால் அடுத்த அத்தியாயத்துக்கு அது எந்தத் தடையும் போடுவதில்லை.

பேய்க்கதையாக எனக்குப் பிடித்த புத்தகம்தான். மாட்டைப் பறிகொடுத்தவருக்குத் தேவை கதையில்லை, எது கொன்றது என்கிற பதில். அந்தப் பதில் வராமலே 2020இல் பண்ணை டிவி தொடராகவும் ஆகிவிட்டது.