மௌனம் தரும் விடை: அமெரிக்க ஞாயிறு மாலை வானொலி நிகழ்ச்சிகள்

காட்சிக் கலைகளில் பேசாமையும் ஒரு பேச்சாகும். மேடையில் நடிகர் வாய் திறவாது நிற்கும்பொழுதும் அவருடைய கண்ணும் கையும் நிற்கும் நிலையும் பொருள் தந்துகொண்டே இருக்கின்றன. வானொலியில் அவ்வாறில்லை. அங்கே ஒலி நின்றால் நடிகரும் இல்லை, அரங்கும் இல்லை, கதையும் இல்லை. கருவி பழுதாயிற்றோ எனக் கேட்போர் ஐயுறுவர். ஒலிபரப்பு நிலையத்தார் பதறுவர். இத்தகைய ஊடகத்தில் மௌனம் ஒரு கலைக்கூறாகப் பயன்படுமாயின் அது பொருள் பெறுவது எவ்வாறு என்பது மொழியியலுக்கும் திறனாய்வுக்கும் பொதுவானதொரு வினா. 1930களிலும் 1940களிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஞாயிறு மாலைதோறும் ஒலிபரப்பான நிகழ்ச்சிகள் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற களமாக அமைகின்றன.

அந்நாட்டுக் குடும்பங்களுக்கு ஞாயிறு மாலை என்பது வானொலிப் பெட்டியைச் சுற்றி அமரும் வேளையாக இருந்தது. கீழைக்கரை நேரப்படி ஏழு மணிக்கு ஜாக் பென்னியின் நகைச்சுவை நிகழ்ச்சி. எட்டு மணிக்கு எட்கர் பெர்கனும் அவருடைய பொம்மை சார்லி மெக்கார்த்தியும். உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைக்கும் ஒருவரின் கலையை, அவருடைய உதட்டைக் காணவே இயலாத மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு மகிழ்ந்தனர் என்பது வானொலியின் இயல்பை விளக்கப் போதுமான சான்று. இந்நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகளுள் எஞ்சியவற்றை இன்றும் ஞாயிறு மாலைகளில் கேட்டு மகிழ்வோர் உளர். திறனாய்வாளர்கள் இப்பழக்கத்தைப் பழமையேக்கம் என்று ஒதுக்குவதும், நிகழ்ச்சிகளைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாக மட்டும் கொள்வதும் பெருவழக்கு. அவை பேச்சுமொழியால் மட்டுமே ஆன ஆக்கங்கள். அவற்றை மொழி ஆக்கங்களாகவே மதிப்பிடுதல் தகும்.

1948 மார்ச் 28 அன்று, ஒரு ஞாயிறு மாலையில் ஒலிபரப்பான பென்னி நிகழ்ச்சி இவ்வகையில் முதன்மையானது. நடிகர் ரொனால்ட் கோல்மன் அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான் ஆஸ்கார் பரிசு பெற்றிருந்தார். பென்னி அண்டை வீட்டாராகிய அவரிடம் அப்பரிசுச் சிலையை இரவல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். இருட்டில் கள்வன் ஒருவன் வழிமறித்துப் பணமா உயிரா என்று கேட்கிறான். விடை இல்லை. மௌனம் நீள்கிறது. அரங்கில் இருந்தோர் நகைக்கத் தொடங்குகின்றனர், நகை வளர்கிறது. கள்வன் பொறுமையிழந்து மீண்டும் வற்புறுத்துகிறான். தாம் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பதாகப் பென்னி சினத்துடன் கூறுகிறார்.

இந்நகைச்சுவையின் நுட்பத்தைத் தமிழ் இலக்கணத்தின் வினாவிடைப் பாகுபாடு தெளிவாகக் காட்டுகிறது. நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுப்பார். கள்வனின் வினா வடிவத்தால் ஐய வினா. இதுவோ அதுவோ என்னும் அமைப்புடையது. நோக்கத்தால் அது கொளல் வினா. பணத்தைக் கொடு என்பதன்றி வேறு பொருள் அதற்கில்லை. உலகில் எவரும் அதை ஐய வினாவாகக் கொள்ளார். பென்னி அவ்வாறே கொள்கிறார். கேட்டவனுக்கு இல்லாத ஐயம் கேட்கப்பட்டவருக்கு உண்டாகிறது. நகை தோன்றும் இடம் இதுவே. இறுதியில் அவர் தரும் விடையும் பணம், உயிர் என்னும் இரண்டனுள் ஒன்றைச் சுட்டாது தம் அப்போதைய நிலையை மட்டும் கூறுவதால், விடைவகை எட்டனுள் உற்றதுரைத்தலின்பாற் படும். ஆயின் அவ்விடைக்கு முன்னரே அரங்கம் நகைத்துவிட்டது. உண்மையான விடை மௌனமே. அதற்கு நன்னூலாரின் எட்டு வகையுள் இடமில்லை. இடம் தேடின் தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளுள் ஒன்றாகக் கூறும் எச்சத்தைத்தான் சுட்டவேண்டும். சொல்லாலோ குறிப்பாலோ முடிவு பெறுமாறு எஞ்சிநிற்கும் கூற்று எச்சம் எனப்படும். இங்கு எஞ்சியிருப்பது கூற்று முழுவதும். அதனைக் குறிப்பால் முடிப்பவர் கேட்போர்.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்றாக மெய்ப்பாட்டியல் கள்வரை வைத்துள்ளமையும் இங்கு நோக்கத்தக்கது. அச்சத்துக்கு உரிய அதே களத்தில் நகை பிறக்கிறது. இம்மாற்றத்தைச் செய்வது காட்சியிலுள்ள எச்சொல்லும் அன்று. பென்னியின் கஞ்சத்தனம் பற்றி அதற்கு முன்னர்ப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்போர் திரட்டிவைத்திருந்த அறிவே அதைச் செய்கிறது.

பென்னி 1932இல் வானொலிக்கு வந்தார்; 1934 முதல் ஞாயிறு ஏழு மணி அவருக்கு உரியதாயிற்று. அவர் தம் பெயரிலேயே ஒரு பாத்திரத்தைச் சிறிது சிறிதாகக் கட்டினார்: கஞ்சர், தற்பெருமையர், வயலினை வதைப்பவர், அகவை முப்பத்தொன்பதைத் தாண்ட மறுப்பவர். அவருடைய மாக்ஸ்வெல் கார் இருமியும் திணறியும் புறப்படும். அவ்வொலியை மெல் பிளாங்க் என்னும் குரல் கலைஞர் தம் வாயால் எழுப்பினார். நிலவறையில் பணப்பெட்டகம் ஒன்று உண்டு. பென்னி படியிறங்கும் காலடியோசை நெடுநேரம் கேட்கும். பின் சங்கிலிகள், கதவுகள், எச்சரிக்கை மணிகள். உள்நாட்டுப் போர்க்காலம் முதல் வெளியுலகையே காணாத காவலாளி ஒருவர் அங்கே இருப்பார். இப்பெட்டகத்தை எவரும் கண்டதில்லை. ஆயினும் அதன் ஆழத்தை நாடு அறிந்திருந்தது. படிகளின் எண்ணிக்கையைச் சொல்லாது காலடியோசையின் நீட்சியால் ஆழத்தை உணர்த்தும் இம்முறை வானொலிக்கே உரியது. படமாக்கினால் அது வெறும் நிலவறையாகிவிடும்.

இவ்வாறு ஞாயிறுதோறும் சேர்ந்த அறிவு இருந்தமையால்தான் 1948இல் பென்னி பேசாதிருந்தபோது அம்மௌனத்தை நாட்டு மக்கள் படிக்க முடிந்தது. வேறொரு நடிகர் அதே இடத்தில் அதே கால அளவு பேசாதிருப்பாராயின், அவர் அஞ்சி வாயடைத்தார் என்றே கொள்ள நேரும்.

இதற்கு மாறான மௌனம் ஒன்று பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1938 அக்டோபர் 30 அன்று கேட்டது. அதுவும் ஞாயிறு மாலையே. பெர்கனின் நிகழ்ச்சி ஒலித்த எட்டு மணிக்குச் சி.பி.எஸ். வலைப்பின்னலில் ஆர்சன் வெல்ஸின் மெர்க்குரி நாடகக் குழு, எச்.ஜி. வெல்ஸின் 1898ஆம் ஆண்டு நாவலாகிய ‘உலகங்களின் போர்’ என்பதை நாடகமாக்கி வழங்கியது. ஹோவர்ட் காக் எழுதிய அவ்வுரு, நடன இசையை இடைமறிக்கும் செய்தியறிக்கைகளாகத் தொடங்குகிறது. நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில் என்னும் சிற்றூரில் செவ்வாய்க் கோளினர் இறங்கியதைச் செய்தியாளர் ஒருவர் நேரில் வருணிக்கிறார். அப்பாத்திரத்தை ஏற்ற பிராங்க் ரீடிக், 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து வீழ்ந்ததைக் கண்டு கதறிய அறிவிப்பாளரின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பயின்றிருந்தார். அவர் குரல் சொற்றொடரின் நடுவிலேயே அறுகிறது. பின்னர் ஏறத்தாழ ஆறு நொடி எதுவும் இல்லை. வந்திறங்கியவை மெய்ப்பாட்டியல் கூறும் அணங்கின்பாற் படுமோ விலங்கின்பாற் படுமோ என்று உரையாசிரியர்கள் வாதிட இடமுண்டு, விளைந்தது அச்சமே.

அன்றிரவு நாடே கிலிகொண்டு ஓடியது என்பது செய்தித்தாள்கள் பெருக்கிய கதை எனப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அந்நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தோருள் பெரும்பாலோர் பெர்கனின் பொம்மையையே கேட்டனர். எனினும் அந்த ஆறு நொடியின் ஆற்றல் பொய்யன்று. அதன் ஆற்றலுக்கு ஊற்று எது என்பதே வினா. அது வெல்ஸின் நிகழ்ச்சியில் சேர்ந்த பொருளன்று. செய்தி ஒலிபரப்பின்மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையிலிருந்து கடனாகப் பெற்றது. கடனை ஒருமுறைதான் பெறலாம். அடுத்த ஞாயிறு அதே உத்தி செல்லாது. பென்னியின் மௌனமோ கேட்குந்தோறும் வலுப்பெறுவது.

வெல்ஸின் நாடகத்தில் இதனினும் சிறந்த மௌனம் ஒன்று உள்ளது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதற்பகுதியின் முடிவில் நியூயார்க் அழிந்தபின், எங்கோ ஒரு வானொலி இயக்குநர் வேறெவரேனும் ஒலிபரப்பில் உளரா எனத் தனியே வினவிக்கொண்டிருக்கிறார். விடை இல்லை. இங்கும் வினாவின் பின் மௌனம். இதை நம்புவதற்குக் கேட்போர் ஏமாற வேண்டியதில்லை. நாடகம் என்று அறிந்து கேட்பவரையும் இது தாக்குகிறது. ஏனெனில் அவ்வினா வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவரை நோக்கியே எழுகிறது. அவரோ விடை கூற இயலாதவர்.

பென்னி நிகழ்ச்சியை வாரந்தோறும் தொடர்ந்து கேட்பவர் நன்மை மட்டுமே பெறுவார் என்பதற்கில்லை. பண்டங்களின் விளம்பரங்கள் கதைக்குள் புகுகின்றன. பல வாரங்கள் வெற்று நிரப்புதலாகவே கழிகின்றன. எடி ஆண்டர்சன் நடித்த ரோச்செஸ்டர் என்னும் கறுப்பினப் பணியாளர் பற்றிய தொடக்ககால நகைகள் இன்று கூச வைப்பன. அவை நிகழ்ச்சிக்குள் கட்டப்பட்ட பாத்திரத்தை நம்பியன்று, வெளியே சமூகத்தில் ஏற்கெனவே நிலவிய இன இழிவை நம்பி எழுந்தவை. போருக்குப் பின் அத்தகைய நகைகள் பெரிதும் கைவிடப்பட்டன. ரோச்செஸ்டர் முதலாளியின் கஞ்சத்தனத்தை முகத்துக்கு நேரே எள்ளுபவராக வளர்ந்தபோதுதான் அப்பாத்திரம் உயிர்பெற்றது. கேட்போர் திரட்டிவைத்ததைப் பயன்கொள்ளும் கலை, அவர்கள் எதைத் திரட்டிவைத்திருந்தனர் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டியதாகிறது.

அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் வெல்ஸின் ஒலிபரப்பு 2002ஆம் ஆண்டுத் தேர்விலும், மார்ச் 28 பென்னி நிகழ்ச்சி 2007ஆம் ஆண்டுத் தேர்விலும் இடம்பெற்றன. முன்னதைத் தனியே எடுத்துக் காத்தல் பொருத்தமே. அது ஒரு மாலையில் தொடங்கி அம்மாலையிலேயே முடிந்தது. பின்னதைத் தனியே எடுப்பது தொடர்நிலைச் செய்யுளிலிருந்து ஒரு பாட்டைப் பிரித்தெடுத்துத் தனிப்பாடல் திரட்டில் சேர்ப்பதற்கு ஒப்பாகும். கள்வன் காட்சியை மட்டும் கேட்கும் இளைஞர் ஒருவர் அரங்கத்தின் நகையைக் கேட்பார். அது அவருக்குப் பிறர் நகையாகவே இருக்கும். அதே நிகழ்ச்சியை அதற்கு முந்திய நாற்பது ஐம்பது ஞாயிறுகளின் ஒலிப்பதிவுகளோடு, வாரம் ஒன்றாக, வரிசை பிறழாது கேட்பாராயின் மௌனம் தொடங்கிய இரண்டாம் நொடியிலேயே அவர் நகைத்திருப்பார். கள்வன் பறித்துச் சென்ற இரவல் சிலையைப் பற்றிய கதையும் அம்மாலையோடு முடியவில்லை. அடுத்த ஞாயிறுகளிலும் அது தொடர்ந்தது.