பாட்டு போகட்டும், சார்ட் ஏன் போக வேண்டும்?

ஜப்பானின் ஆர்கேட் கூடங்களில் பாடல் நீக்கம் புதிய செய்தி அல்ல. செகா நிறுவனத்தின் மைமாய், சூனிதம் போன்ற தாள விளையாட்டுகளில் இன்ன தேதிக்குப் பிறகு இந்தப் பாடல்களை ஆட முடியாது என்று அவ்வப்போது ஓர் அறிவிப்பு வரும். அந்தப் பட்டியலில் அனிமே தொடர்களின் தொடக்கப் பாடல்களை அடிக்கடி பார்க்கலாம். காரணத்தை யாரும் விரிவாகச் சொல்வதில்லை. உரிமக் காலம் முடிந்திருக்கும் என்று ஆடுகிறவர்களே புரிந்துகொள்கிறார்கள்.

இதை நிறுவனத்தின் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஓர் அனிமே பாடலுக்குப் பல உரிமையாளர்கள். வரிக்கும் மெட்டுக்குமான உரிமையைப் பெரும்பாலும் ஜாஸ்ராக் போன்ற அமைப்புகள் கவனிக்கின்றன. பாடிப் பதிவு செய்த ஒலியின் உரிமை இசை நிறுவனத்தின் கையில் இருக்கும். திரையில் அந்த அனிமேயின் படத்தைக் காட்ட வேண்டுமென்றால் தயாரிப்புக் குழுவின் சம்மதமும் தேவை. இத்தனை பேரிடமும் காலவரையறை இல்லாமல் உரிமம் வாங்க வேண்டும் என்றிருந்தால் பாதிப் பாடல்கள் விளையாட்டுக்குள் நுழைந்தே இருக்காது. குறுகிய கால ஒப்பந்தம்தான் அவற்றை உள்ளே கொண்டுவந்தது.

கொண்டுவந்ததால் விளைந்த நன்மை பெரிது. தொலைக்காட்சியில் வரும் தொடக்கப் பாடல் சுமார் ஒன்றரை நிமிடம். ஆர்கேடில் ஒரு பாட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு நிமிடம். வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே பொருந்துகிறது. முதல் தடவை இயந்திரத்தின் முன் நிற்கிறவர், பெயர் தெரியாத ஐம்பது பாடல்களுக்கு நடுவே தனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் தேடுவார். அந்தப் பாடல் இல்லையென்றால் அவர் காசு போடாமலே நகர்ந்துவிடுவார். இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். வெளிப் பாடல்கள் நிலையில்லாதவை என்பதால் நிறுவனங்கள் சொந்தப் பாடல்களிலும் முதலீடு செய்தன. கொனாமியின் பீட்மேனியா என்னும் தாள விளையாட்டுத் தொடரில் 1997 முதல் வளர்ந்த இசையமைப்பாளர் கூட்டத்துக்கு இதிலும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனால் பாடல் நீங்கும்போது கூடவே சார்ட்டும் நீங்குகிறது. என் குறை இங்கேதான். சார்ட் என்பது எந்த நொடியில் எதை அடிக்க வேண்டும் என்று திரையில் வரும் குறிகளின் வரிசை. தைக்கோ நோ தத்சுஜின் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். சிவப்புக் குறி வந்தால் மேளத்தின் நடுவில் அடிக்க வேண்டும், அது ‘தொன்’. நீலம் வந்தால் விளிம்பில், அது ‘கா’. இருப்பது இந்த இரண்டு அடிதான். 1995இல் வந்த எவாங்கெலியன் தொடரின் தொடக்கப் பாடல், தகாஹாஷி யோகோ பாடியது, தைக்கோவின் பல பதிப்புகளில் இடம்பெற்றிருக்கிறது. அது குரலில் மெதுவாகத் தொடங்கி, பிறகு வேகமெடுக்கும் பாட்டு. அந்த மெதுவான பகுதியில் ஆடுகிறவரைச் சும்மா நிறுத்துவதா, குரலின் நெளிவுக்கு ஏற்ப ஓரிரு அடி கொடுப்பதா? வேகம் கூடியதும் கை போக வேண்டியது பாடகியின் பின்னாலா, டிரம்மின் பின்னாலா? எளிய நிலையில் ஒரு விடை, ‘ஓனி’ என்னும் கடின நிலையில் வேறொரு விடை. இவற்றை முடிவு செய்கிறவர் அந்தப் பாட்டை எப்படிக் கேட்டார் என்பதே சார்ட். நல்ல சார்ட்டை ஆடினால், நூறு தடவை கேட்ட பாட்டில் அதுவரை காதில் விழாத ஒரு பேஸ் வரி கைக்குத் தெரியும். மைமாயிலும் சூனிதத்திலும் கடின நிலைகளில் சார்ட் அமைத்தவரின் பெயரையும் போடுகிறார்கள். விளையாட்டு நிறுவனமே அதைப் படைப்பு என்று ஒப்புக்கொள்வதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பாட்டு எங்கும் போய்விடவில்லை. இணையத்தில் எப்போதும் கேட்கலாம். இருந்த ஒரே இடத்திலிருந்தும் காணாமல் போவது சார்ட்தான். மாதக்கணக்கில் ஒரு சார்ட்டைத் தவறில்லாமல் முடிக்கப் பழகியவருக்கு அந்தப் பழக்கத்தைக் காட்ட இனி இடமில்லை. மிஞ்சுவது ரசிகர்கள் எடுத்துப் போட்ட காணொளிகள். அவற்றிலும் பின்னணியில் அதே பாட்டு ஒலிப்பதால் அவையும் எந்த நேரமும் நீக்கப்படலாம்.

நூறு யென் போட்டாய், ஆடினாய், கணக்கு தீர்ந்தது என்று சொல்லலாம். கணக்காக அது சரிதான். வீட்டில் ஆடும் தாள விளையாட்டான ராக் பேண்டில் ஒரு பாடலின் விற்பனை நின்றாலும் முன்பு வாங்கியவரிடம் அது இருக்கும். ஆர்கேடில் யாரும் எதையும் வாங்குவதில்லை. ஆனால் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ விளையாட்டின் நான்காம் பாகத்தில், பத்தாண்டு உரிமம் முடிந்தது என்று 2018இல் பாடல்களை எடுத்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் இழந்தார்கள். ஆகவே உடைமையை வைத்து மட்டும் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

மாற்று வழி இந்தத் துறையின் பழைய பழக்கத்திலேயே இருக்கிறது. பாப்பன் மியூசிக் என்னும் தாள விளையாட்டும் தைக்கோவும் தொடக்க காலத்தில் பல அனிமே பாடல்களை வேறு பாடகரைப் பாடவைத்தே சேர்த்தன. ஒலிப்பதிவு உரிமை தடையாக இருக்கும் இடத்தில், அதே வேகத்தில் பாடிய மறுபதிவை வைத்தால் சார்ட் அப்படியே ஓடும். அசல் குரல் இல்லையே என்று ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள்; அது நியாயமான குறை. ஆனாலும் மறுபதிவோடு வாழும் சார்ட் அழிந்துபோன சார்ட்டைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மெட்டின் உரிமையாளரே மறுத்தால் அதற்கும் வழியில்லை.

அப்போதும் ஒன்று செய்யலாம். நீக்கிய பாடல்களின் சார்ட்டை, அமைத்தவர் பெயரோடு, ஒலி ஒரு துளியும் இல்லாத வரைபடமாக நிறுவனமே வெளியிடலாம். இசை நிறுவனத்தின் ஒலிப்பதிவு உரிமை அதற்குக் குறுக்கே நிற்காது. ரசிகர்கள் இந்த வரைபடங்களைத் தாங்களே வரைந்து சேர்த்து வருகிறார்கள். மூலக் கோப்பை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது இன்னும் எளிது. 2019இல் மைமாய் புதிய இயந்திரத்துக்கு மாறியதுபோல் இனியும் மாற்றங்கள் வரும். அதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.