வால் ஸ்ட்ரீட்டில் ஒரு மொய் விருந்து

பணத்துக்கு ஒரு மியூசியம் வைத்தால் அதில் எதையெல்லாம் வைப்பீர்கள்? பழைய காசு, செல்லாத நோட்டு. மேலே யோசிக்க நமக்கு வராது. அமெரிக்கர்கள் யோசித்திருக்கிறார்கள். ‘மியூசியம் ஆஃப் அமெரிக்கன் ஃபைனான்ஸ்’ என்று நியூயார்க்கில் ஒன்று ஆரம்பித்தார்கள். முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் பெயரில் 1792-ல் கொடுக்கப்பட்ட அரசாங்கக் கடன் பத்திரம், அவர் கையெழுத்தோடு அவர்களிடம் இருக்கிறது. 1929-ல் பங்குச் சந்தை சரிந்தபோது டிக்கர் மெஷின் துப்பிய காகிதச் சுருள் இருக்கிறது. 2010-ல் ஒரு தங்க மோனோபொலி செட்டை இரவல் வாங்கிக் காட்சிக்கு வைத்தார்கள். பகடையில் புள்ளிகளுக்குப் பதில் வைரம்!

இந்த மியூசியம் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1987 அக்டோபர் 19. டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 508 பாயின்ட் விழுந்தது, அதாவது 22.6 சதவிகிதம். ஜான் ஹெர்ஸாக் என்ற பங்கு வியாபாரி அதைப் பார்த்துவிட்டு, இந்தத் தெருவுக்கு ஞாபக சக்தியே இல்லை என்ற முடிவுக்கு வந்தார். போன சரிவில் என்ன கற்றோம் என்பது அடுத்த சரிவுக்குள் மறந்துபோகிறது. ஞாபகப்படுத்த ஓர் இடம் வேண்டும் என்று 1988-ல் மியூசியத்தைத் தொடங்கினார்.

இருபது வருஷம் கழித்து, 2008 ஜனவரியில், வால் ஸ்ட்ரீட் 48-ம் நம்பர் கட்டிடத்துக்குக் குடிபோனார்கள். பழைய பாங்க் ஆஃப் நியூயார்க்கின் தலைமையகம். மார்ச்சில் பேர் ஸ்டெர்ன்ஸ் கவிழ்ந்தது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவால். ஞாபக சக்திக்காகக் கட்டிய இடத்தின் வாசலிலேயே எல்லாரும் மறுபடி மறந்திருந்தார்கள்.

சரி, இப்படி ஒரு மியூசியத்துக்குச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வாசலில் வாங்கும் டிக்கெட்டில் கரண்ட் பில்கூடக் கட்ட முடியாது. அதனால் வருஷத்துக்கு ஒரு தரம் ‘காலா’ என்று ஒரு ராத்திரி விருந்து. பாங்குகளும் ஃபண்டு கம்பெனிகளும் மேஜை மேஜையாக வாங்குகின்றன. நிதித் துறைப் பிரபலங்களுக்கு விருது கொடுத்துக் கௌரவிக்கிறார்கள். முக்கியமான விருது, கோல்ட்மேன் சாக்ஸின் தலைவர்களில் ஒருவராக இருந்து, பிறகு ரீகன் அரசில் வெளியுறவுத் துறைக்குப் போன ஜான் வைட்ஹெட்டின் பெயரில். சாப்பாட்டின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதி நன்கொடைக்கு வருமான வரிச் சலுகையும் அமெரிக்கச் சட்டத்தில் உண்டு.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். மொய் விருந்து! கறிச்சோறு போட்டு, நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி, பணம் வாங்கிக்கொள்கிற அதே ஏற்பாடுதான். ஒரே ஒரு வித்தியாசம். மொய் வாங்கியவன் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பது நம்மூரில் எழுதாத சட்டம். இங்கே மியூசியம் எதைத் திருப்பிச் செய்யும்?

இதுதான் எனக்கு உறுத்துகிறது. யாருடைய சரித்திரத்தைச் சொல்ல வேண்டுமோ, அவர்களே விருந்துக்கு வந்து செலவையும் ஏற்றுக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் செலவில் மாப்பிள்ளையின் குணம் விசாரிக்கிற மாதிரி.

அவசரப்பட்டுத் திட்டவும் முடியாது. 2010-ல் இதே மியூசியம் நிதி மோசடிகளைப் பற்றித் தனிக் கண்காட்சியே வைத்தது. சார்லஸ் போன்ஸி முதல் பெர்னார்ட் மேடாஃப் வரை எல்லாரும் உண்டு. தைரியம்தான். ஆனால், யோசித்துப் பாருங்கள். ஜெயிலுக்குப் போன திருடனைக் காட்டுவதில் விருந்துக்கு வருகிற யாருக்கும் மனவருத்தம் கிடையாது. சொல்லப்போனால், ‘தப்பு பண்ணினது அவன், நாங்க இல்லை’ என்று ஆறுதலாகக்கூட இருக்கும். 2008-ல் நடந்ததில் பெரும்பகுதி சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது. கட்ட முடியாதவர்களுக்கு வீட்டுக் கடன் கொடுத்தார்கள். அதைக் கட்டுக்கட்டாகப் பத்திரமாக்கி விற்றார்கள். அதற்கு முதல் தரம் என்று சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. அந்த அறையைக் கட்டுவதுதான் கஷ்டம். வாஷிங்டனின் கடன் பத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண ஆளின் வீட்டு ஜப்தி நோட்டீஸையும் மாட்டினால்தான் கதை முழுசாகும்.

அப்புறம் மியூசியத்துக்கே ஒரு சரிவு வந்தது. 2018 ஜனவரியில் 48-ம் நம்பர் கட்டிடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து வெள்ளம். மூடினவர்கள் அங்கே திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு ஊர் ஊராகக் கண்காட்சி, ஆன்லைன் பேச்சு, பத்திரிகை என்று காலம் தள்ளினார்கள். கட்டிடம் போனபோதும் விருந்து மட்டும் நிற்கவில்லை.

பிறகு எதிர்காலத் திட்டத்தை அறிவித்தார்கள். பாஸ்டன் துறைமுகப் பக்கம், காமன்வெல்த் பியர் என்ற பழைய கப்பல் துறையில் புது மியூசியம். அந்த இடத்தைப் புதுப்பிக்கும் கம்பெனி, ஃபிடிலிட்டி என்ற பெரிய மியூச்சுவல் ஃபண்டு குழுமத்தைச் சேர்ந்தது. ‘பார்த்தீர்களா, வீட்டுக்காரரும் ஃபைனான்ஸ்காரர்தான்’ என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன்.

ஆனாலும் பாஸ்டனுக்குப் போவதில் எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்காவின் முதல் நவீன மியூச்சுவல் ஃபண்டு 1924-ல் பாஸ்டனில்தான் தொடங்கியது. கோடீஸ்வரர் மட்டுமே நுழைந்த சந்தைக்குள் வாத்தியாரும் குமாஸ்தாவும் சின்னத் தொகையோடு நுழைய அது வழி செய்தது. வால் ஸ்ட்ரீட் விற்கிறவர்களின் தெரு என்றால், பாஸ்டனைச் சேமிக்கிறவர்களின் ஊர் என்று சொல்லலாம். இடம் மாறுகிற கையோடு மியூசியம் கதை சொல்கிற பக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாமே! பத்திரம் விற்றவரின் கதையை இவ்வளவு வருஷம் சொன்னார்கள். வாங்கி ஏமாந்தவர், வாங்கிப் பிழைத்தவர் கதையை இனிமேல் சொல்லட்டும்.

விருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. பசியோடு எந்த மியூசியமும் நடக்காது. ஆனால் விருந்துக்கு வருபவர்களிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: ‘உங்கள் மொய்க்கு நன்றி. திருப்பிச் செய்ய மாட்டோம்.’

அதைக் கேட்ட பிறகும் எத்தனை மேஜை நிரம்புகிறது என்று பார்க்கலாம்.